கணக்குக் கேட்ட சிங்கம்

டோம்பிவிலியில் புகைவண்டி ஏறிப் பம்பாய்க் கோட்டைப் பகுதிக்குச் செல்லும் தமிழ் மாணவர் நம்முள் பலர் உளர். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றபடியே பயணம் செய்து, நம் தந்தையர் இன்னும் வி.டி. என்றே சொல்லும் அந்தப் பெரிய நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், எதிரே மாநகராட்சி மாளிகை வானளாவ நிற்கும். அம்மாளிகையின் முன்னே உயர்ந்த பீடத்தின்மேல் ஒரு பெரியவரின் சிலை உண்டு. அதனைக் கடந்து போகிறவர் ஆயிரம் பேர் என்றால், நிமிர்ந்து பார்ப்பவர் ஒருவர் இருவர்தாம். நானும் பல நாள் பாராமல் போனவனே.

அவர் யார் என்று நான் தெரிந்துகொண்டதற்கு ஒரு துயரம் காரணம். 2019ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் மாலை ஏழரை மணியளவில், அந்தச் சிலையிலிருந்து சில நிமிட நடைத் தொலைவில், நிலையத்தையும் பத்ருதீன் தியாப்ஜி சந்தையும் இணைத்த ஹிமாலயா நடைமேம்பாலத்தின் கான்கிரீட் தளம் இடிந்து சாலையில் விழுந்தது. குறைந்தது ஆறு பேர் மாண்டனர். முப்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அப்போது நான் பள்ளி மாணவன். என் தந்தையார் வேலை முடிந்து அந்தப் பாலத்தின் வழியேதான் நிலையத்துக்கு வருவார். அன்றிரவு அவருடைய கைப்பேசி எடுக்கப்படவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பத்தரை மணிக்கு அப்பா வந்தார். அன்று வேலை சற்று முன்னதாக முடிந்து, பாலம் விழுவதற்குக் கால் மணி முன்னே கடந்துவிட்டாராம். பிறகு வண்டி கிடைக்காமல் நின்றிருந்தாராம். அவ்வளவுதான் சொன்னார். கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்.

அன்றிரவு தொலைக்காட்சியில் நான் கண்ட ஒரு காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்தப் பாலம் யாருடையது? இரயில்வேயினுடையதா, மாநகராட்சியினுடையதா? இடிபாட்டை அகற்றி முடிப்பதற்குள் இந்த வழக்கு எழுந்துவிட்டது. அதற்கு முன் நடந்த தணிக்கையில், பாலம் பயன்பாட்டுக்கு ஏற்றது, சிறு பழுது பார்த்தால் போதும் என்று எழுதப்பட்டிருந்ததும் மறுநாள் தெரிய வந்தது. பொதுமக்களின் பணத்தில் கட்டிய ஒன்று கெட்டுப்போனால் அதற்குப் பொறுப்பாளி யார்? கட்டியவரா, கட்டச் சொன்னவரா, பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தும் பாராதிருந்தவரா? இந்தக் கேள்வியைப் பம்பாய் நகரில் 1871ஆம் ஆண்டே ஓர் இளைஞர் எழுப்பினார். அப்போது அவருக்கு வயது 26. சிலையாக நிற்பவர் அவரே. பெயர் பிரோஸ்ஷா மேத்தா.

மேத்தா 1845ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சி வணிகக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் மேர்வான்ஜி காமா கம்பெனியில் தொடர்புடையவர், படிப்பில் ஆர்வமுள்ளவர். மகன் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1864இல் பி.ஏ. தேறினார். பம்பாய்ப் பல்கலைக்கழகம் சென்னைப் பல்கலைக்கழகத்தைப் போன்றே 1857இல் தோன்றியது. அது தோன்றி ஏழாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுள்ளும் விரைவில் எம்.ஏ. பட்டம் பெற்ற முதற்பார்சி என்ற பெருமை மேத்தாவைச் சேர்ந்தது.

கல்லூரித் தலைவர் சர் அலெக்சாந்தர் கிராண்ட் இந்த மாணவரிடம் தனி அன்பு கொண்டார். அக்காலத்தில் ருஸ்தம்ஜி ஜாம்சேத்ஜி ஜீஜீபாய் என்ற செல்வர், ஐந்து இந்திய இளைஞரை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பாரிஸ்டர் படிப்புப் படிக்கவைப்பதற்காக ஒன்றரை லட்சம் ரூபாய் தர முன்வந்தார். ஐவருள் மேத்தா ஒருவரானார். ஆனால் அந்தப் பணம் முழுதும் வந்து சேரவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பம்பாய்ப் பஞ்சுக்கு ஏறிய விலையால் நகரமே பங்குச் சூதில் மிதந்தது. 1865இல் போர் நின்றது, விலை விழுந்தது, செல்வர் பலர் ஒரே இரவில் ஏழையாயினர். ஜீஜீபாயின் செல்வமும் கரைந்தது. லண்டனில் இருந்த மேத்தா தம் குடும்பத்தாரின் உதவியைக் கொண்டு படிப்பைத் தொடர வேண்டியதாயிற்று. நம்மில் உதவித்தொகை நின்றுபோய்த் தவித்தவர் உளரேல், இவ்விடத்தை நன்கு உணர்வர்.

லிங்கன்ஸ் இன்னில் பயின்று 1868இல் பாரிஸ்டரானார். லண்டனில் தாதாபாய் நௌரோஜியின் தொடர்பும், பின்னாளில் காங்கிரசின் முதல் தலைவரான உமேஷ் சந்திர பானர்ஜியின் நட்பும் கிட்டின. அவ்வாண்டே ஊர் திரும்பினார். நல்ல உயரமும், கம்பீரமான மீசையும், உடுப்பில் மிகுந்த கவனமும் உடையவர் என்று அவரைக் கண்டவர் எழுதியிருக்கின்றனர். காலையில் தாமதமாக எழுவாராம். உடுத்திப் புறப்படுவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொள்வாராம். பெரியோர் வாழ்வில் விடியற்காலை எழுச்சியையே படித்துப் படித்துச் சலித்த நமக்கு இஃது ஆறுதலான செய்தி!

அவர் திரும்பி வந்த பம்பாய் எப்படியிருந்தது? ஆர்தர் கிராபோர்டு என்ற ஆங்கிலேயர் 1865 முதல் நகரசபையின் முதல் கமிஷனராக ஆட்சி புரிந்துகொண்டிருந்தார். அவருடைய பெயரால்தான் 1869இல் முடிந்த கிராபோர்டு மார்க்கெட் வழங்கியது. பின்னாளில் அதற்கு மகாத்மா ஜோதிபா பூலே மண்டி என்று பெயர் மாறியது. கிராபோர்டு அசாத்திய வேகம் உடையவர். சாக்கடை, சாலை, சந்தை என்று எங்கும் வேலை நடந்தது. நாற்றம் எடுத்த நகரம் சற்றே மூச்சுவிட்டது. ஆனால் அத்தனைக்கும் பணம்? அவர் மதிப்பீட்டுக்கு மேல் செலவழித்தார், கடன் வளர்ந்தது, வரி ஏறியது. வரி கட்டுவோர் கொதித்தெழுந்தனர். 1871இல் நகரெங்கும் கூட்டங்கள் நடந்தன. கிராபோர்டைத் தொலைக்க வேண்டும், கமிஷனர் என்ற பதவியையே ஒழிக்க வேண்டும் என்ற கூச்சல் எழுந்தது. தனி ஒருவரிடம் இருந்த அதிகாரத்தைப் பிடுங்கி ஒரு குழுவினிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நகரத்துப் பெரிய மனிதர் பலர் நம்பினர்.

அவ்வாண்டு நவம்பர் மாதம் பிராம்ஜி காவஸ்ஜி மண்டபத்தில் மேத்தா ஒரு கட்டுரை படித்தார். மண்டபம் நிறைந்திருந்தது, வந்தவரோ கிராபோர்டின்மேல் சினங்கொண்டவர். அவர்முன் நின்று இந்த இளைஞர், கிராபோர்டு செய்த வேலைகள் நகருக்கு நன்மை தந்தவை என்று தொடங்கினார். அவர் மிகுதியாகச் செலவழித்ததை மறைக்கவில்லை. ஆயினும் பெருங்குற்றம் யாருடையது என்று கேட்டு அவர் விரல் நீட்டிய திசை வேறு. அக்காலத்தில் நகரசபை என்பது ஜஸ்டிஸ்கள் என்னும் கௌரவ மனிதர்களின் கூட்டம். அவர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அரசாங்கம் நியமித்தது. கமிஷனரின் கணக்கைப் பார்ப்பதும், செலவைக் கட்டுப்படுத்துவதும் சட்டப்படி இவர்கள் கடமை. இவர்களோ கூட்டத்துக்கு வருவதில்லை, வந்தாலும் படிப்பதில்லை, படித்தாலும் கேட்பதில்லை. நீட்டிய காகிதங்களையெல்லாம் நிறைவேற்றிவிட்டு, கடன் வந்தபின் கமிஷனரைத் தூற்றுகின்றனர் என்பது மேத்தாவின் வாதம். அந்த ஜஸ்டிஸ்களுள் பலர் அதே மண்டபத்தில் அமர்ந்திருந்தனர் என்றால், நிகழ்ந்ததை நாம் ஊகித்துக்கொள்ளலாம். கூச்சல் எழுந்தது, கேலி எழுந்தது. அவர் கட்டுரையைப் படித்து முடித்தே அமர்ந்தார்.

அவர் சொன்ன மருந்து யாது? வேலை செய்யும் அதிகாரம் ஒரே மனிதரிடம் இருக்கட்டும். ஏனெனில் குழுவொன்று சாலை போட்டால், சாலை கெடும்போது குழுவில் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுவர். ஆனால் பணப்பை மக்கள் தேர்ந்தெடுத்த சபையினிடம் இருக்க வேண்டும். கணக்கைச் சரிபார்ப்பவர் கமிஷனருக்குக் கீழ்ப்பட்டவராய் இருத்தல் கூடாது. செய்பவர் ஒருவர், பணம் ஒதுக்குபவர் மற்றொருவர், சரிபார்ப்பவர் மூன்றாமவர். இன்று பாடநூலில் படிக்கும்போது இது சாதாரணமாகத் தோன்றும். 1871இல், மக்கள் எல்லாம் ஒரு மனிதரின் தலையைக் கேட்டு நின்றபோது, தலையை விடுங்கள், கண்ணைத் திருத்துங்கள் என்று சொல்லும் துணிவு வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டே 1872ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம் வந்தது. அதில் மேத்தாவின் திட்டத்தின் பெரும்பகுதியைக் காணலாம். 64 உறுப்பினர் கொண்ட மாநகராட்சி. அவருள் 32 பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுப்பர். மற்றவர் ஜஸ்டிஸ்களாலும் அரசாங்கத்தாலும் வருவர். செலவைக் கண்காணிக்கப் பன்னிருவர் அடங்கிய நகர்க்குழு ஒன்று. மேத்தா தொடக்கத்திலேயே உறுப்பினராகி, இறக்கும்வரை நாற்பதாண்டுக்கு மேல் அந்தச் சபையில் வீற்றிருந்தார்.

கிராபோர்டின் பிற்கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். பம்பாயை விட்டு வருவாய்த்துறை கமிஷனராக உயர்ந்த அவர்மேல் 1888இல் லஞ்சக் குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணைக் கமிஷன் லஞ்சம் மெய்ப்படவில்லை என்று கூறியது. ஆயினும் தம் ஆட்சிக்குட்பட்ட மக்களிடம் கடன் வாங்கிய குற்றத்துக்காக அவர் வேலையை இழந்தார். மேத்தா அன்று ஆதரித்த மனிதர் இவர்தாமா என்று கேட்பவர் இருக்கலாம். மேத்தா மனிதரை நம்பிச் சட்டம் செய்யச் சொல்லவில்லை என்பதே என் எண்ணம். கமிஷனர் நல்லவராயினும் கெட்டவராயினும் ஒவ்வொரு வாரமும் அவருடைய கணக்கை வேறொருவர் புரட்டிப் பார்க்க வேண்டும் என்றுதான் அவர் கேட்டார்.

1882இல் வைசிராய் ரிப்பன் பிரபு தலத்தன்னாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். சென்னையில் 1913இல் எழுந்த ரிப்பன் மாளிகை இவர் பெயரால் வழங்குவதை நாம் அறிவோம். அதே ரிப்பன் பிரபு பதவி முடிந்து நாடு திரும்புமுன், 1884 டிசம்பரில், பம்பாய் மாநகராட்சி மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார். மேத்தா அப்போது மாநகராட்சித் தலைவர். எதிரேயிருக்கும் இரயில் நிலையத்தை வரைந்த பிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் இதனையும் வரைந்தார். 1893இல் கட்டடம் முடிந்தது. அனுமதிக்கப்பட்ட தொகை சுமார் 11 லட்சத்து 88 ஆயிரம் ரூபாய். ஆன செலவு சுமார் 11 லட்சத்து 20 ஆயிரம். கவனியுங்கள், நண்பர்களே! மதிப்பீட்டுக்கு மேலே செலவு செய்து கலகம் விளைந்த நகரில், இருபதாண்டு கழித்துப் பொதுக்கட்டடம் ஒன்று மதிப்பீட்டுக்குள் அறுபத்தெட்டாயிரம் ரூபாய் மிச்சத்தோடு முடிந்தது. நிலைய மாளிகையைக் காட்டிலும் இதன் கோபுரத்தை நான் விரும்பிப் பார்ப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

அடிக்கல்லுக்கும் நிறைவுக்கும் இடையே மேத்தாவின் வாழ்நாட்பணி நடந்தது. 1886இல் கவர்னர் ரே பிரபு அவரைப் பம்பாய்ச் சட்டசபைக்கு நியமித்தார். நகருக்குப் புதிய சட்டம் செய்யும் முயற்சி தொடங்கியது. முதலில் வந்த மசோதா, கமிஷனரை மாநகராட்சிக்கு நிகரான தனி அதிகாரமாக நிறுத்தியது. மேத்தாவும், அவருடைய நண்பரும் பெரும் வடமொழி அறிஞருமான காசிநாத் திரியம்பக் தெலாங்கும் அதனோடு பொருதனர். கூச்சலில்லை, ஊர்வலமில்லை, விதி விதியாக, சொல் சொல்லாக வாதாடினர். முடிவில் எழுந்த 1888ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டத்தில் மாநகராட்சியே தலைமை பெற்றது. 72 உறுப்பினர், அவருள் 36 பேர் வார்டுகளிலிருந்து. பல்கலைக்கழகமும் இரு உறுப்பினரை அனுப்பலாம் என்பதை நம் போன்றோர் நினைவில் வைக்கலாம். அவர்தம் கீழே நிலைக்குழு. வேலை செய்வதற்குக் கமிஷனர். பம்பாய் நகராண்மையின் தந்தை என்று மேத்தாவை வழங்குவது இதனால்தான். இச்சட்டம் பல திருத்தங்களோடும் புதுப்பெயரோடும் இன்றளவும் மும்பையில் நடைமுறையில் உள்ளது.

சட்டநூலைக் கையில் எடுத்தால் தூக்கம் வரும் என்பார்கள். நான் விஞ்ஞான மாணவன், எனக்கும் வந்தது. ஆயினும் கட்டடங்களைப் பற்றிய விதிகளை மட்டும் விழித்திருந்து படித்தேன். பெரிய ஒப்பந்தம் எதுவும் நிலைக்குழுவின் அனுமதியின்றிச் செய்தல் ஆகாது. டெண்டர் பகிரங்கமாக அழைக்க வேண்டும். மாநகராட்சி ஒப்பந்தத்தில் பங்குடையவர் உறுப்பினராக இருக்க இயலாது. கணக்கைத் தணிக்கையாளர் வாரந்தோறும் பார்த்து நிலைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். வீடு கட்ட நினைப்பவர் முன்கூட்டி அறிவிப்புத் தர வேண்டும். பாழடைந்து விழும் நிலையிலுள்ள கட்டடத்தைக் கண்டால், இடிக்கவோ தாங்கு கொடுக்கவோ பழுது பார்க்கவோ உரிமையாளருக்குக் கமிஷனர் ஆணையிடலாம்; இது 354ஆம் பிரிவு. ஆபத்தான கட்டடங்களைப் பாதுகாப்பாக்குவதும் அகற்றுவதும் மாநகராட்சி விரும்பினால் செய்யும் வேலைகளுள் வைக்கப்படவில்லை. செய்தே தீர வேண்டிய கடமைகளின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. பாலங்களும் அவ்வாறே.

இதனோடு 2009இல் 353 பி என்ற பிரிவு சேர்ந்தது. முப்பதாண்டு கடந்த கட்டடத்தைப் பதிவு பெற்ற பொறியாளரிடம் காட்டிச் சான்று பெற வேண்டும் என்பது அதன் கருத்து. இரசாயனம் பயில்பவன் என்ற முறையில் இதற்கு ஒரு சொல் சேர்க்கிறேன். கான்கிரீட்டின் உட்புறம் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிப்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உள்ளே புகுந்து காரத்தைத் தின்கிறது. நம் கடற்கரைக் காற்றின் உப்பும் மழையும் துணை செய்கின்றன. காரம் இறங்கியதும் கம்பி துருவேறுகிறது. துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்பதால் கான்கிரீட்டைப் பிளக்கிறது. வெளியே விரிசல் தெரியும்போது உள்ளே நெடுநாள் வேலை நடந்து முடிந்திருக்கும். ஆகவே வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக் கட்டடம் நலம் என்று எழுதுவது, நோயாளியின் சட்டையைப் பார்த்து நாடி சொல்வது போன்றது. டோம்பிவிலியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கும் ஒருமுறை ஸ்ட்ரக்சுரல் ஆடிட் வந்தது. வந்தவர் கைத்தடி போன்ற ஒரு சுத்தியால் நாலு தூணைத் தட்டினார், தேநீர் அருந்தினார், சென்றார். மூன்றாம் நாள் சான்றிதழ் வந்தது. எங்கள் மாடிக்காரர்கள் மகிழ்ந்தனர். நான் அந்த மழைக்காலம் முழுவதும் படுக்கையிலிருந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேத்தாவின் புகழ் நகராண்மையோடு நிற்கவில்லை. 1885இல் பத்ருதீன் தியாப்ஜி, தெலாங் ஆகியோருடன் பம்பாய் மாகாணச் சங்கத்தை நிறுவினார். விழுந்த பாலம் இறங்கிய சந்து அந்தத் தியாப்ஜியின் பெயருடையது. 1890இல் கல்கத்தாக் காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். வைசிராயின் சட்டசபையில் அமர்ந்தார். 1901இல் நிலவரிச் சட்டத்திருத்தத்தை எதிர்த்துக் கோகலே முதலியோருடன் பம்பாய்ச் சட்டசபையை விட்டு வெளியேறினார். 1904இல் சர் பட்டம் வந்தது. 1911இல் இந்தியர் நடத்தும் சென்ட்ரல் பாங்க் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார்; 1913இல் பம்பாய்க் கிரானிக்கிள் நாளிதழைத் தொடங்கினார். இவையனைத்தும் வரலாற்று நூல்களில் விரிவாகக் கிடைக்கும்.

ஆயினும் பம்பாய் மக்கள் அவரைச் சிங்கம் என்று அழைத்தது மாநகராட்சி மன்றத்தில் அவர் எழுந்து நிற்பதைக் கண்டுதான். மதிப்பீட்டுப் பட்டியலைப் படித்துவிட்டு வருவார். கமிஷனர் கேட்ட தொகை ஏன், எதற்கு, சென்ற முறை கேட்டது என்னவாயிற்று என்று குடைவார். அதனால் அவருக்குப் பகையும் வளர்ந்தது. 1907இல் சில ஆங்கில அதிகாரிகளும் அவர்தம் நண்பர்களும் கூடி, ஜஸ்டிஸ்கள் தேர்ந்தெடுக்கும் 16 இடங்களுக்குத் தாமே பட்டியல் தயாரித்து, மேத்தாவை வெளியேற்ற முயன்றனர். வாக்கு எண்ணியபோது அவர் பதினேழாவது இடத்தில் நின்றார்! நகரமே திகைத்தது. பின்னர், வென்றவருள் ஒருவர் தகுதியில்லாதவர் என நீதிமன்றத்தில் முடிவாகி, மேத்தா உள்ளே வந்தார்.

குறை சொல்லாமல் வாழ்க்கை வரலாறு எழுதுவது வாழ்த்துமடல் எழுதுவதாகிவிடும். மேத்தாவின் மாநகராட்சி வரி செலுத்துவோரின் மாநகராட்சி. மில்லில் உழைத்து, சாளில் ஓர் அறையில் பத்துப் பேராகப் படுத்தவருக்கு அதில் வாக்கில்லை. 1896இல் பிளேக் வந்தபோது மாண்டவர் பெரும்பாலும் அத்தகையோரே. அவர்கள் இருந்த கட்டடங்களைப் பற்றி மன்றத்தில் பேச அவர்களுள் ஒருவர் இல்லை. அந்தக் குறையைக் காட்டித்தான் அரசாங்கம் 1898இல் சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்ற தனி அமைப்பை ஏற்படுத்தியது. அதன் உறுப்பினருள் சிறுபகுதியினரை மட்டுமே மாநகராட்சி தேர்ந்தெடுத்தது. மேத்தா நாட்டிய கொள்கைக்கு நேர் எதிரான ஏற்பாடு இது. நம் முன்னோர் குடியேறிய மாதுங்காவின் நேரான தெருக்களை வகுத்தது இந்த டிரஸ்ட்தான் என்பதும் உண்மை. ஆகவே நான் இதனைப் பழிக்கவும் துணியேன். 1933இல் அது மாநகராட்சியோடு இணைந்தது. மேலும், ஒரே மனிதரின் குரல் நாற்பதாண்டு ஒரு மன்றத்தை ஆண்டதும் நன்றன்று. தனி மனிதரை நம்பாதீர் என்று இளமையில் சொன்னவர் முதுமையில் தாமே அத்தகைய தனி மனிதரானார் என்று அவருடைய எதிரிகள் ஏசியதில் சிறிது உண்மை உண்டு.

நம் ஊர்ப்பக்கம் வருவோம். கல்யாண் - டோம்பிவிலி மாநகராட்சி 1983இல் அமைந்தது. அதற்குரிய 1949ஆம் ஆண்டுச் சட்டம் மேத்தாவின் சட்டத்தின் சாயலிலேயே மன்றம், நிலைக்குழு, கமிஷனர் என்று மூன்றையும் வைத்திருக்கிறது; அபாயக் கட்டட விதிகளும் உள. அப்படியிருந்தும் 2015 ஜூலையில் நமக்கு அடுத்த நிலையமான தாக்குர்லியில் ஒரு பழைய கட்டடம் விழுந்து ஒன்பது பேர் மாண்டனர். 2024 நவம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம், போலி அனுமதிக் கடிதம் காட்டி டோம்பிவிலிப் பகுதியில் எழுப்பிய 65 கட்டடங்களை இடிக்குமாறு ஆணையிட்டது. அவற்றுள் வீடு வாங்கிக் குடியேறியவர் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தார். வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டவர். அத்தனை கட்டடமும் ஓர் இரவில் முளைக்கவில்லை. மாடி மாடியாக எழும்போது சாலையில் நின்று பார்த்தாலே தெரிந்திருக்கும்.

அந்த ஆண்டுகளில் பார்த்துக் கேட்க வேண்டிய மன்றமும் இல்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கல்யாண் - டோம்பிவிலியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2020 நவம்பரில் முடிந்தது. மும்பையில் 2022 மார்ச்சில் முடிந்தது. இரண்டிலும் 2025 முடியும்வரை உறுப்பினர் எவரும் இல்லை. தேர்தல் தள்ளித் தள்ளிப் போயிற்று. கமிஷனரே நிர்வாகி என்ற பெயரில் வரவு செலவுத் திட்டத்தைத் தயாரித்தார், தாமே அதற்கு அனுமதி தந்தார், தாமே செலவழித்தார். அந்தக் கமிஷனர்கள் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. மேத்தாவின் முக்காலியில் ஒரு கால் இல்லாமலே நான்கைந்து ஆண்டு ஓடிற்று; அதனைப் பற்றி நம் கல்லூரி உணவகத்தில் ஒருவரும் ஒருநாளும் பேசிக் கேட்டேனில்லை. நானும் பேசினேனில்லை.

மேத்தா 1915ஆம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நியமிக்கப்பட்டார். உடல்நலம் அப்போது கெட்டிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் காலமானார். வயது 70. பின்னர் மாநகராட்சி மாளிகையின் முன் சிலை எழுந்தது. மலபார் குன்றில் நீர்த்தேக்கத்தின்மேல் அமைந்த தொங்கு தோட்டத்துக்கும், கோட்டைப் பகுதியில் ஒரு சாலைக்கும் அவர் பெயர் வைக்கப்பட்டது.

ஹிமாலயா பாலம் மீண்டும் கட்டப்பட்டு 2023இல் திறக்கப்பட்டது. சென்ற மாதம் நான் அதன்மேல் ஏறி நடந்தேன். நடுவில் நின்று கம்பியையும் தளத்தையும் பார்த்தேன், புதிதாயிருக்கிறது, நன்றாயிருக்கிறது. அடுத்த தணிக்கை எப்போது, செய்தவர் யார் என்று எழுதிய பலகை ஏதேனும் உண்டா என்று இரு பக்கமும் தேடினேன். என் கண்ணில் படவில்லை. என் தந்தையார் இன்றும் சுரங்கப்பாதை வழியாகவே நிலையத்துக்குப் போகிறார்.